பட்டு தூக்கிய ஒரு கிலோ

பட்டுவுக்கு பேஸ்மேக்கர் வைத்ததில் மிகவும் பாதிக்கப்பட்டவர் அவள் கணவர் பத்ரிநாராயணன்தான். மாடம்பாக்கம் அடுக்ககத்தில் அவரே எல்லோரிடமும் அப்படிச் சொல்லிக்கொண்டு திரிந்தார். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வுபெற்ற பட்டு காய்கறிக் கடையில் மயங்கி விழுந்தாள். நாடித்துடிப்பு மிகவும் குறைந்திருந்தது. இடது தோளுக்குக் கீழே, தோலுக்கடியில் ஒரு சின்னக் கருவியை வைத்துத் தைத்து அனுப்பினார்கள். நடந்ததெல்லாம் அவளுக்கு. “நான் சரியாத் தூங்கியே எத்தனை நாளாச்சு” என்று இருமி இருமி அனுதாபம் வாங்கியவர் அவர்.

வாட்ஸப்பில் வந்த அறிவுரைகளையெல்லாம் அவளுக்குப் படித்துக் காட்டினார். நடக்காதே, குனியாதே, சிரிக்காதே. தையல் பிரித்த கொஞ்ச நாளில் தண்ணீர் கேன் வாசலில் வந்து இறங்கியது.

“பட்டு, கேனைத் தூக்கிக் கவுத்துடேன். எனக்கு இடுப்பு பிடிச்சுண்டிருக்கு.”

“இடது கையால வெயிட் தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்.”

“வலது கையால தூக்கு. ஒரு நிமிஷ வேலைதானே?”

அவள் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பரை விரித்தாள். அன்று சாயந்திரம்வரை அவர் எதிர்வீட்டில் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். கேன் இருந்த இடத்திலேயே இருந்தது.

ஆறு வாரம் கழித்துப் பரிசோதனைக்குப் போனபோது டாக்டர் ஆஷாவிடம் பட்டு கேட்டாள்.

“உடம்புல தெம்பே இல்லை டாக்டர். டம்பெல் தூக்கிப் பழகலாமா?”

“வேண்டாம்னு சொல்லுங்கோ டாக்டர்” என்று முந்திக்கொண்டார் பத்ரி. “இவளுக்கு ஒண்ணும் தெரியாது.”

டாக்டர் அவர் பக்கம் திரும்பவே இல்லை. “காயம் ஆறிடுச்சு, மெஷின்லேர்ந்து இதயத்துக்குப் போற வயரும் சரியா இருக்கு. தாராளமா பழகுங்க. கம்மி வெயிட்ல ஆரம்பிச்சு மெதுவா ஏத்துங்க. மூச்சை அடக்காதீங்க. வெயிட் தூக்குற கம்பி எதுவும் மெஷின் மேல அழுத்தக் கூடாது. கரண்ட் வச்சுத் தசையைத் துடிக்க வைக்கிற சமாசாரம் மட்டும் வேண்டவே வேண்டாம். தலை சுத்தினா உடனே நிறுத்திடுங்க.” பிறகுதான் பத்ரியைப் பார்த்துக் கேட்டார்: “வீட்ல கனமான வேலையெல்லாம் யாரு செய்றீங்க?”

பத்ரி சுவரில் மாட்டியிருந்த இதயப் படத்தை ஆராயத் தொடங்கினார்.

கேம்ப் ரோடு ஜிம்மில் டிரெய்னர் சுகுமாரின் பனியன் அவன் உடம்புக்கு இரண்டு அளவு சின்னது. அறிவும் அதே அளவில் வாங்கியதுதான்.

“இன்னா மேடம், ஒரு கிலோவா? பேஜார் பண்ணாதீங்க. அத்த எங்க வூட்டு கைப்புள்ள தூக்கும். இந்த பெல்ட்ட கட்டிக்கினு சும்மா குந்துங்க, கரண்ட்லயே மஸிலு ஏறிக்கும்.”

“எனக்குப் பேஸ்மேக்கர் வச்சிருக்கு.”

“அதெல்லாம் ஒண்ணியும் ஆவாது மேடம்.”

“இந்த பெல்ட் எப்படி வேலை செய்யறது, சொல்லுங்கோ பார்ப்போம்.”

சுகுமார் யோசித்தான். “ஆன் பண்ணா துடிக்கும்.”

இந்த மாதிரி பதில்களைத் திருத்தித்தான் பட்டுவின் கண்ணாடி தடித்தது. “போய் உட்காருங்கோ” என்றாள். அவன் போய் உட்கார்ந்தான்.

பெஞ்சில் உட்கார்ந்து ஒரு கிலோ டம்பெல்லைத் தூக்கினாள்; வலது கையில் எளிதாகத்தான் இருந்தது. இடது கைக்கு மாற்றியதும் பயம் வந்தது. உள்ளே வயர் பிய்ந்துகொள்ளும் என்று தோன்றியது. அந்தப் பயத்தின் மீதே அவளுக்கு எரிச்சல் வந்தது. மூச்சை விட்டபடி முழங்கையை மடக்கித் தூக்கினாள். ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு தடவை தூக்கினாள். எழுந்து நின்றபோது முதுகு வியர்த்திருந்தது. மயக்கமில்லாமல் அவள் வியர்த்து வெகுநாளாகியிருந்தது.

சில மாதங்களில் அவள் மூன்று கிலோவுக்கு வந்துவிட்டாள். சுகுமார் செல்போனோடு வந்து நின்றான்.

“மேடம், ஒரு போட்டோ. பேஸ்மேக்கர் வச்சவங்களையே நம்ம ஜிம்முல தேத்தி வுட்டோம்னு போர்டு வெக்கிறேன்.”

“யாரு தேத்தினது?”

அவன் பல்லைக் காட்டினான்.

“தள்ளி நில்லுங்கோ” என்றாள் பட்டு, அடுத்த எடை டம்பெல்லைக் கையில் எடுத்தபடி. “ஃபேன் காத்து வரலை.”