விதைக்கு எதிரே பூச்சியம்

கடலோரச் சேற்றில் வளரும் கண்ணா மரம் ஓர் இலையை உதிர்க்க முன்னர், அதிலிருக்கும் நைதரசனில் ஏறக்குறைய பாதியைத் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. அப்படி மிச்சம் பிடித்ததைத் தளிருக்கும் விதைக்கும் கொடுக்கிறது. ஆகவே கண்டல் காட்டுத் தரையில் வருடத்துக்கு எவ்வளவு காபனும் சத்தும் விழுகின்றன என்று அறிய, இலையை மட்டும் அளந்தால் போதாது. சுள்ளி, பூ, விதை எல்லாம் வேண்டும்.

எனக்கு இது தெரியும். யாகோப்பு அண்ணைக்கு நான் சொல்லவில்லை.

அவர் குருநகர் மீனவர். களப்புக் கரையில் நாங்கள் கட்டிய பன்னிரண்டு பொறிகளையும் பார்த்துக்கொள்ள என் ஆய்வுக்காக அமர்த்தப்பட்டவர். பொறி என்றால் பெரிய விடயமில்லை. நான்கு தடிகளில், பெருக்குத் தண்ணீர் எட்டாத உயரத்தில், ஒரு சதுர மீற்றர் வலை தொட்டில் போலத் தொங்கும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை அதில் விழுந்ததை அவர் வழித்து, இலக்கமிட்ட பைகளில் பஸ்ஸில் கொண்டுவந்து தருவார். நான் அறுபது பாகையில், நிறை மேலும் குறையாமல் நிற்கும்வரை உலர்த்துவேன். சூடு கூடினால் நைதரசனில் கொஞ்சம் ஆவியாகிவிடும். உலர்த்தும் பெட்டியை அவர், பாண் சுடும் அடுப்பென்று, போறணை என்பார். “இண்டைக்கு எத்தினை றாத்தல் பாண், பிள்ளை?” என்று கேட்டுவிட்டுத்தான் படியிறங்குவார்.

உலர்ந்த பைகளை அப்படியே அலுமாரியில் அடுக்கினேன். பிறகு தரம் பிரித்து, அரைத்து, உலையில் எரிக்க வேண்டும். எரிந்துபோகும் நிறையில் கிட்டத்தட்டப் பாதி காபன். அதையெல்லாம் வருடக் கடைசியில் ஒன்றாகச் செய்யலாம் என்று நினைத்திருந்தேன். என் புலமைப்பரிசில் மார்ச்சோடு முடிகிறது. பட்டத்துக்குப் பன்னிரண்டு மாத அளவும் முழுதாக வேண்டும்.

பெப்ரவரியில் பிரிக்கத் தொடங்கினேன். ஒக்ரோபரிலிருந்து ஜனவரிவரை, அட்டவணையில் விதைக்கு எதிரே பூச்சியம். எல்லாப் பொறிகளிலும் பூச்சியம். மாரியில்தான் கண்ணா விதை கொட்டும். அவரை விதை போலத் தடித்தது. காற்று அள்ளிக்கொண்டு போகாது. பைகளை மறுபடி கொட்டிப் பார்த்தேன். விதைத் தோல்கூட இல்லை.

அடுத்த நாள் காலை, சொல்லாமல் களப்புக்குப் போனேன். பொறிகளின் கீழே சேற்றில் கண்ணா நாற்றுகள் நிரை நிரையாக நின்றன. தானாக விழுந்த விதை நிரையில் முளைக்காது. பெரும்பாலானவை கறுத்துச் செத்திருந்தன. தாய்மரத்தின் நிழலில் அவை பிழைப்பது அரிது.

வள்ளத்தைக் கட்டிவிட்டு வந்த யாகோப்பு அண்ணை நான் கேட்காமலே, சந்தோசமாகவே சொன்னார். விதைகள் வலையில் ஏறி, இறங்க வழியில்லாமல் காய்ந்து கிடந்தனவாம். நாலு மாதமும் பொறுக்கிப் பொறுக்கி ஊன்றினாராம்.

“சினை நண்டு வலையிலை ஏறினால் திருப்பி விடுவம், பிள்ளை. உதுவும் அப்பிடித்தானே. நீங்கள் கேட்டது இலைதானே?”

முதல் நாள் அவருக்குச் சுலபமாக விளங்கட்டும் என்று இலை என்றுதான் சொல்லியிருந்தேன். எத்தனை விதை என்று கேட்டேன். எண்ணவில்லை என்றார். என் முகத்தைப் பார்த்ததும் அவர் குரல் இறங்கிவிட்டது.

“பிழையோ?”

பிழை என்னுடையது என்றேன். மரம் சத்தை எப்படி விதைக்குள் வைக்கிறது, நான் எதை அளக்க வந்தேன் என்று அந்தச் சேற்றில் நின்றே விளக்கினேன், ஒரு வருடம் பிந்தி. அவர் நாற்றுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என் மேற்பார்வையாளர் சோமசேகரம் சேர் கதவைச் சாத்திவிட்டுக் கதைத்தார். வேறு நாடுகளின் கண்ணாக் காடுகளில், உதிர்வதில் விதையின் பங்கு என்ன என்று அளந்திருக்கிறார்கள். அந்த விகிதத்தைக் கொண்டு நாலு கட்டங்களையும் நிரப்பலாம், ஒருவரும் கிளறமாட்டார்கள் என்றார். அவர் கெட்டவரில்லை. நான் வெறுங்கையோடு என் ஊரான தெல்லிப்பழைக்குத் திரும்புவதை அவர் விரும்பவில்லை.

இரண்டு நாள் அந்த விகிதத்தை வைத்துக் கணக்கிட்டுப் பார்த்தேன். எண்கள் அழகாகவே வந்தன. ஆனால் அந்தக் காடுகளின் மழை வேறு, உப்பு வேறு. எங்கள் காட்டில் விதைக்குள் எவ்வளவு போகிறது என்பதை அறியத்தான் பொறியே கட்டினோம்.

நாலு கட்டங்களையும் வெறுமையாக விட்டேன். சேகரித்தவருக்கு நான் தவறாகச் சொல்லிக்கொடுத்தேன் என்று கீழே எழுதினேன். வருட அளவு பூர்த்தியாகவில்லை என்று பட்டக்குழு திருப்பி அனுப்பியது. புலமைப்பரிசிலை நீட்டவும் வழியில்லை என்றார்கள்.

மார்ச் கடைசியில் பொறிகளைக் கழற்றப் போனோம். உப்பில் இறுகிய முடிச்சுகளை வெட்டலாம் என்றேன். அவர் விடவில்லை; ஒவ்வொன்றாக நகத்தால் அவிழ்த்தார்.

“அடுத்த மாரிக்கும் உது நிக்கட்டும், பிள்ளை. நான் சும்மா பார்ப்பன். ஒரு விதையிலும் கை வையன்.”

“நிறுக்க ஆளில்லை, அண்ணை.”

அவர் வலையைச் சுருட்டித் தோளில் போட்டார். பிறகு குனிந்து அடுத்த தடியைச் சேற்றிலிருந்து பிடுங்கினார்.