சுடர்விழி கொல்லைக் கீரை

என் கொல்லையில புல்லுகூட முளைக்கல. அவ கொல்லையில கீரை தளதளன்னு நிக்குது. இதைப் பார்த்து நான் சந்தோஷப்படணுமாம்! என் வீட்டுக்காரரு தணிகாசலம் சொல்றாரு, "தம்பி குடும்பமாவது பொழைக்கட்டுமே அமுதா"ன்னு. பொழைக்கட்டும், யாரு வேணான்னா? ஒரே ஆறு, ஒரே வெள்ளம், நடுவுல ஒரே ஒரு வரப்பு. இந்தாண்ட எனக்கு சுடுகாடு, அந்தாண்ட அவளுக்குத் தோட்டமா? வயிறு எரியாம என்னா பண்ணும்?

அவன்னா சுடர்விழி. என் கொழுந்தன் பொண்டாட்டி. மில்லு மூடினப்புறம் மாமனாரு கைக்கு வந்த காசுல அரியாங்குப்பம் ஆத்தோரமா வாங்கிப் போட்ட துண்டு நிலம், ரெண்டு புள்ளைங்களுக்கும் பாதிப் பாதி. அதுல நானும் அவளும் கீரை போட்டு, பாலத்தைத் தாண்டி பாண்டி டவுனுக்குள்ள வீடு வீடா எடுத்துட்டுப் போய் விக்கிறோம். உப்பளம் பக்கம் எனக்கு, நெல்லித்தோப்பு பக்கம் அவளுக்கு. அவ வாடிக்கை வீட்டுல நான் கால் வெச்சதில்ல, என் வாடிக்கை வீட்டுல அவ கால் வெச்சதில்ல.

கார்த்திகைப் புயல்ல எல்லாம் போச்சு. வெறும் மழைத் தண்ணியா இருந்தா வடிஞ்சிருக்கும், மறுநாளே விதையைத் தூவியிருப்பேன். மேல எங்கியோ ஒரு சாயக் கம்பெனிக்காரன், நாசமாப் போறவன், வெள்ளத்தோட வெள்ளமா எவன் பார்க்கப் போறான்னு கழிவுத் தொட்டியைத் திறந்து வுட்டுட்டான். கறுப்பா, நுரை கட்டிக்கிட்டு, மூக்கைத் துளைக்கிற நாத்தத்தோட வந்துச்சு ஆறு. டவுன்ல வாய்க்காலும் பொங்கி, கக்கூஸ் தண்ணியும் அதோட சேர்ந்து, உப்பளத்துல வீட்டுக்குள்ள கட்டில் உயரத்துக்கு நின்னுச்சு.

என் பாதி பள்ளம். ஒரு வாரமா அந்தக் கறுப்புலயே ஊறிக் கெடந்துச்சு. வடிஞ்சப்புறம் பார்த்தா மண்ணு மேல பால் ஏடு மாதிரி ஒரு படலம், ஆனா கறுப்பு. விதைச்சேன், அழுகிப் போச்சு. மறுபடி விதைச்சேன், மஞ்சளா தலையை நீட்டிட்டு செத்துப் போச்சு. அவ பாதி ஒரு சாண் மேடு. தண்ணி சீக்கிரமே இறங்கிடுச்சு, வண்டல் மட்டும் தங்கிச்சு. பொது மோட்டாரு வெள்ளத்துல முழுகி வீணாப் போனதுனால, ஓரத்துக் குழியில தேங்கின வெள்ளத் தண்ணியையே குடத்துல மொண்டு மொண்டு ஊத்தினா. அதுக்கு வந்துச்சு பாருங்க ஒரு வளர்ச்சி! அப்படி ஒரு கரும்பச்சையை நான் ஜென்மத்துல பார்த்ததில்ல.

"அக்கா, உன் வீட்டுங்களுக்கும் நானே குடுத்துட்டு வரட்டா? உனக்கு முளைச்சதும் வுட்டுர்றேன்"ன்னு கேட்டா. மாட்டேன்னா சொல்ல முடியும்? "போயேன்"னு வாய் சொல்லிடுச்சு. அன்னைக்கு ராத்திரி எனக்கு சோறு இறங்கல.

உப்பளத்துல சிந்தியா வீடு எனக்கு உசுரு. அந்தப் பொண்ணு கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து நான்தான் கீரை குடுக்கிறேன். இப்பதான் அவ பாப்பாவுக்கு சோறு ஊட்ட ஆரம்பிச்சிருக்கா. பருப்பும் கீரையும் மசிச்சுக் குடுத்தாதான் வாயைத் திறக்கும், அவ்ளோ கீரைப் பைத்தியம். பார்த்துட்டு வரலாம்னு ஒருநாள் வெறுங்கையோட போனேன். போனா, புள்ளை சுடர்விழி இடுப்புல உட்கார்ந்துக்கிட்டு அவ கம்மலைப் பிடிச்சு இழுத்து விளையாடுது. "வாங்க அமுதாக்கா, உங்க தங்கச்சி கொண்டு வர்ற கீரை என்னா பச்சை! நீங்க குடுத்ததுல ஒருநாளும் இப்படி இருந்ததில்ல"ன்னு சிந்தியா சிரிக்கிறா. நானும் பல்லைக் காட்டினேன். பஸ் ஸ்டாப் வர்ற வரைக்கும் வாய்க்குள்ளயே திட்டித் தீர்த்தேன்.

அதுலேர்ந்து சுடர்விழியைக் கவனிக்கிறதுதான் எனக்கு வேலை. வேற என்னா வேலை இருக்குது, கொல்லையா இருக்குது? அவ எப்ப அறுக்கிறா, எத்தனை கட்டு கட்டுறா, யார் வீட்டுல சிரிச்சுப் பேசுறா, எல்லாம் எனக்கு அத்துப்படி. அப்பதான் ஒண்ணு உறுத்துச்சு. எங்க வீட்டுல ஒரு பழக்கம் உண்டு. புதுசா விதைச்சா முதல் அறுப்பை விக்க மாட்டோம். வீட்டுலயே கடைஞ்சு, எல்லாரும் ஒரு வாய் சாப்ட்டு, அதுக்கப்புறம்தான் கூடையில ஏத்துவோம். மாமியா காலத்துலேர்ந்து அப்படித்தான். பக்கத்துப் பக்கத்து வீடு, அவ பூண்டு தட்டிப் போட்டா எனக்கு வாசனை வந்துடும். இந்தத் தடவை வரவேயில்ல. எனக்கு ஒரு பிடி குடுக்கணுமேன்னு மறைச்சு சமைக்கிறாளா பாருன்னு முதல்ல அதுக்கும் பொருமினேன்.

அப்புறம் ஒருநாள் மார்க்கெட்டு வாசல்ல பார்த்தேன். தள்ளுவண்டிக்காரிகிட்ட அரைக்கீரை ஒரு கட்டு வாங்கி, முந்தானையால மூடி பைக்குள்ள வெச்சா. ஐயோ, கீரைக்காரி காசு குடுத்து கீரை வாங்குறா! எங்கியாவது உண்டா இது?

நேரா அவ கொல்லைக்குப் போனேன். ஒரு தழையைக் கிள்ளி வாயில போட்டேன். சோப்பைக் கடிச்ச மாதிரி கசந்துச்சு, நாக்கு திகுதிகுன்னு எரிஞ்சுது. வேரோட ஒண்ணைப் பிடுங்கி சொம்புத் தண்ணியில அலசினேன். தண்ணி மேல எண்ணெய் மினுமினுன்னு மிதக்குது. அப்ப எனக்கு என்னா தோணுச்சு தெரியுமா? சந்தோஷம்! மாட்டிக்கிட்டாடான்னு ஒரு சந்தோஷம். அடுத்த நிமிஷமே அந்தப் பாப்பா ஞாபகம் வந்துச்சு.

அடிச்சுப் பிடிச்சு சிந்தியா வீட்டுக்கு ஓடினேன். "சிந்தியாம்மா, அந்தக் கீரையைப் புள்ளைக்குக் குடுக்காத. அது சாயத் தண்ணியில விளைஞ்சது. அவளே அதை சாப்பிடறதில்ல"ன்னு மூச்சு வாங்க சொன்னேன். சிந்தியா மூஞ்சி மாறிடுச்சு.

"அமுதாக்கா, அவங்க உங்களைப் பத்தி என்ன சொன்னாங்க தெரியுமா? 'அக்கா கொல்லை பாழாப் போச்சு, உங்களுக்குத் தெரிஞ்ச இடத்துல அவங்களுக்கு ஏதாவது வேலை இருந்தா சொல்லுங்க'ன்னு கேட்டாங்க. நீங்க என்னடான்னா அவங்க பொழைப்புலயே மண்ணைப் போடுறீங்க. வயித்தெரிச்சல் இருக்கலாம்க்கா, இவ்ளோ கூடாது."

எனக்கு வேலை கேட்டாளா? இவ யாரு எனக்கு வேலை கேட்க? அந்த ஆத்திரத்துலயும் பாப்பாவைப் பார்த்தேன். சோர்ந்து படுத்திருந்துச்சு. கேட்டா, "ரெண்டு நாளா வயிறு போகுது, பல்லு முளைக்குது, அதான்"ன்னா சிந்தியா.

திரும்பி வந்தப்ப சுடர்விழி கொல்லையில குந்தி அறுத்துட்டிருந்தா. போய் அவ கையிலேர்ந்த அரிவாளைப் பிடுங்கினேன். "ஏன்டி, தள்ளுவண்டியில கீரை வாங்கி உன் புள்ளைக்குப் போடுற. இதை ஊரான் புள்ளைக்கு விக்கிறியா?"

அவ மறைக்கல. தலையைக் குனிஞ்சுக்கிட்டா. "முதல் அறுப்பு அன்னைக்கே வேக வெச்சு, பூண்டு தட்டிப் போடறதுக்கு முன்னாடி வாயில வெச்சேன்க்கா, எரிஞ்சுது. கொட்டிட்டேன். கழுவிக் கழுவித்தான் கட்டுறேன். வேற என்னா பண்ணட்டும்? இதுவும் இல்லன்னா வீட்டுல உலை வைக்க முடியாது."

"சிந்தியா பாப்பாவுக்கு வயிறு போகுதுடி. நான் சொன்னேன், பொறாமைன்னு அனுப்பிட்டாங்க. நீதான் வந்து சொல்லணும்."

அவ நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தா. "உன் பாதி மேடா இருந்து, உனக்கு முளைச்சிருந்தா நீ என்னா பண்ணியிருப்பக்கா?"

வித்திருக்க மாட்டேன்னு சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வரல. செத்துக் கெடக்கிற என் கொல்லையைப் பார்த்தேன். "வித்திருப்பேன்டி. உன்னைவிட நாலு வீடு கூடவே வித்திருப்பேன். அதுக்கு என்னா இப்ப? வண்டியை எடு!"

அவ ஸ்கூட்டியிலயே போனோம். நாங்க போய் நிக்கிறப்ப சிந்தியா மசிச்ச சோத்தை விரல்ல எடுத்துப் புள்ளை வாய்கிட்ட கொண்டு போறா. "ஊட்டாதீங்கம்மா! என் கீரை கெட்ட கீரை. தெரிஞ்சேதான் குடுத்தேன்"ன்னு சுடர்விழி வாசப்படியிலயே உட்கார்ந்து ஓன்னு அழுதுட்டா. சிந்தியா அப்படியே வெளுத்துப் போயிட்டா. இப்ப விழும் பாரு அறைன்னு நான் காத்துட்டு நின்னேன், பொய் சொல்லல.

அறை விழல. பாப்பாவைத் தோள்ல போட்டுக்கிட்டு சிந்தியா வந்து அவ கையைப் பிடிச்சுக்கிட்டா. "உங்க மேல கோவமாத்தான் இருக்குது. ஆனா யாரு வந்து இப்படி ஒத்துக்குவாங்க? மெர்சி, சுடர்விழி. டாக்டர்கிட்ட போகணும், நீங்களும் வாங்க, என்னா தண்ணின்னு நீங்க சொன்னாதான் அவருக்குப் புரியும்"ன்னா. ஆட்டோவுல ஏறினப்புறம்தான் நான் ஒருத்தி நிக்கிறதே சிந்தியா கண்ணுக்குத் தெரிஞ்சுது. "அக்கா, வீட்டைக் கொஞ்சம் பார்த்துக்குங்க."

பிரெஞ்சுல நன்றி வேற! நான் சொன்னா வயித்தெரிச்சல், அவ சொன்னா மெர்சி! அடுப்படிக்குப் போய் குழம்புச் சட்டியில இருந்தது, பிரிட்ஜுல இருந்த கட்டு, கிண்ணத்துல மிச்சம், எல்லாத்தையும் ஒரு பையில போட்டு இறுக்கிக் கட்டினேன். சுவத்துல இருந்த மாதா படத்தைப் பார்த்து, அந்தப் புள்ளைக்கு ஒண்ணும் ஆகக் கூடாது தாயேன்னு அழுதேன். அழுதுக்கிட்டே பாத்திரத்தை எல்லாம் தேய்ச்சுக் கவுத்தேன்.

இருட்டினப்புறம் போன் வந்துச்சு. சுடர்விழிதான் பேசினா. "பாப்பாவுக்கு பயமில்லையாம்க்கா. மருந்து குடுத்திருக்காங்க, தூங்குது." அப்பதான் எனக்கு மூச்சே வந்துச்சு. சுவத்துல சாஞ்சு உட்கார்ந்துட்டேன்.

"நல்ல நேரத்துல நிறுத்தினீங்கம்மா, புள்ளையைக் காப்பாத்திட்டீங்கன்னு டாக்டரு சொன்னாருக்கா"ன்னா.

"யாருகிட்டடி சொன்னாரு?"

"என்கிட்டதான்."