இரண்டாம் சுற்றில் வரும் அவசரம்

கிட்டார்காரனுக்கு வலது கைதான் எதிரி. பிக் என்கிற சின்ன மீட்டுத்தகட்டைக் கம்பியின் மேல் ஒரு தட்டு கீழ்நோக்கி, ஒரு தட்டு மேல்நோக்கி என்று வரிசை பிசகாமல் ஓட்ட வேண்டும். நான்கு எண்ணிக்கை என்றால் தூக்கத்தில்கூட வாசிக்கலாம். நான் சும்மா இருந்திருக்கலாம். மாயாமாளவகௌளை ராகத்தைத் 'தகதகிட' என்று ஐந்து ஐந்தாக வாசிக்கிறேன் என்று கிளம்பினேன். ஐந்தில் முதல் சுற்று கீழ்த்தட்டில் தொடங்கினால், அடுத்தது மேல்தட்டில்தான் தொடங்கும். அந்த இரண்டாம் சுற்றைக் கண்டாலே எனக்கு ஆகாது.

1995இல் அக்காவுக்குக் கல்யாணமாகி, அப்பாவும் அம்மாவும் அவளோடு கோவைக்குப் போய்விட்டார்கள். நான் வேலைக்காக மைசூரில் தங்கினேன். விஜயநகரில் ஒரு மாடி அறை. தாளம் போட ஆளில்லை. நானே 'தகதகிட' சொல்லிக் கைதட்டி, டேப் ரெக்கார்டரில் ஒரு பக்கம் முழுக்கப் பதிவுசெய்துகொண்டேன். அதை ஓடவிட்டு இரண்டு வருடம் தினமும் வாசித்தேன்.

ஒருநாள் கீழ்வீட்டுக் கௌரம்மா, தட்டுச் சத்தம் கேட்டு யாரோ வந்திருப்பதாக நினைத்து, இரண்டு டம்ளர் காபியோடு ஏறி வந்தார். "யாரோ பந்திதாராப்பா?" என்று எட்டிப் பார்த்தார். "யாரூ இல்லம்மா" என்றேன். இரண்டு காபியையும் நானே குடித்தேன்.

மாணிக்கவாசகம் கொள்ளேகால்காரர், என் வயது, மிருதங்கம் வாசிப்பவர். அவரும் ஒரு வயலின்காரரும் தசரா கச்சேரிக்குக் கிட்டார் தேடுவதாக ஆபீசில் சொன்னார்கள். சேர்த்துக்கொண்டால் ஞாயிறுதோறும் என் அறையில் ஒத்திகை. மேடை கிடக்கட்டும், வாரத்தில் ஒருநாள் எனக்கு எதிரே இன்னொருவர் உட்கார்ந்திருப்பார். அதற்காகத்தான் அத்தனை ஆசைப்பட்டேன்.

அந்த ஞாயிறு அவர் வந்தார். டேப்போடு வாசித்துக் காட்டினேன். "விரலு நல்லாப் பேசுதுங்க" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பிறகு டேப்பை நிறுத்திவிட்டு மிருதங்கத்தோடு வாசித்தோம். இரண்டாம் சுற்று முடிவதற்குள் நான் அவரை முந்தியிருந்தேன். திரும்பத் தொடங்கினோம், திரும்ப முந்தினேன். அவர் டேப்பைப் போடச் சொல்லி, கண்ணை மூடிக் கேட்டார்.

"தட்டே ஓடுதுங்க. ஒரு சுத்து விட்டு ஒரு சுத்து."

இரண்டாம் சுற்று தொலைந்தால் போதும் என்ற அவசரம், பதிவுசெய்த அன்றே என் கைதட்டிலும் ஏறியிருக்கிறது. அதோடு வாசித்து வாசித்துத் தப்பே எனக்குச் சரியாகிவிட்டது. இரண்டு வருடம் பாடுபட்டு, என்னோடு மட்டும் வாசிக்கக் கற்றிருந்தேன்.

"ஒரு மாசத்துல சரி பண்ணிடறேன் சார்."

"தசராவுக்கு அஞ்சு வாரந்தானுங்க இருக்குது. ஊறிப்போன கை. கோவிச்சுக்காதீங்க, வேற ஆளுதான் பாக்கோணும்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "கூட வாசிக்கிறவர் கொஞ்சம் வளைஞ்சு குடுக்கக் கூடாதா?" என்று அசட்டுத்தனமாகக் கேட்டுவிட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. "கிட்டார் வேணாம், கையத் தட்டுங்க, பாப்போம்" என்றார்.

தட்டினேன். என் கை ஓடிய இடத்தில் மிருதங்கத்தில் அவரும் ஓடினார், நின்ற இடத்தில் நின்றார். என் கோணல் அத்தனையோடும் ஒரு மனிதர் கூடவே வந்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

"வளைஞ்சு குடுக்க எனக்கு முடியுதுங்க. மேடையில வயலினோட மூணு பேராச்சே" என்று மிருதங்கத்தை உறையில் போட்டார்.

"இன்னும் ஒரே ஒரு தடவை வாசிக்கறீங்களா சார்?"

கடிகாரத்தைப் பார்த்தார். "அஞ்சரை பஸ்ஸ விட்டா ஏழுக்குத்தானுங்க" என்றபடியே உறையைக் கழற்றினார்.

இம்முறை முடிந்துவிடக் கூடாதே என்று தட்டினேன். இரண்டாம் சுற்று வந்தது. அதைவிட்டுப் போக மனம் வரவில்லை, அவசரமும் வரவில்லை. அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"இது சரிங்க" என்றார்.

பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று கிளம்பினார். அடுத்த ஞாயிறு வருவீர்களா என்று நான் கேட்கவில்லை.