மெல்போவின் மாடி

போன மாதம் வரை அந்த வீட்டு மொட்டை மாடியில் துருப்பிடித்து நின்ற இரும்புக் கம்பிகளுக்கும் மெல்போவுக்கும் ஒரே வயது, இருபத்தொன்பது. அவள் பிறந்த ஆண்டுதான் அப்பா ஸ்தமாத்திஸ் கீழ்வீட்டைக் கட்டி, தூண் கம்பிகளை வெட்டாமல் வானத்தைப் பார்க்க விட்டு வைத்தார். ஏதென்ஸின் ஓரத்தில், ஆனோ லியோசியாவில், பெண் பிறந்த வீட்டுக்கு அதுதான் அடையாளம். பெண்ணுக்குச் சீதனம் ஒரு மாடி. இப்போது அந்தக் கம்பிகள் தூண்களுக்குள் போய்விட்டன. இன்று மாடிக்குக் கூரை.

காலை எட்டு மணிக்கே கான்கிரீட் லாரி தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. வடக்கே முந்நூறு கிலோமீட்டர் தள்ளி, வோலோஸ் துறைமுகத்தில், மெல்போவுக்கு நிச்சயித்திருந்த அர்கிரிஸுக்கு வேலை கிடைத்திருந்தது. கல்யாணம் முடிந்ததும் அங்கே போய்விடலாம் என்று இருவரும் முடிவு செய்திருந்தார்கள். அப்பாவிடம் சொல்ல வேண்டியது அவள் பொறுப்பு. மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் வாயைத் திறந்து திறந்து மூடியாயிற்று. கூரை போட்டுவிட்டால் அப்புறம் எப்படிச் சொல்வது?

ஏணியில் ஏறி மேலே போனாள். அப்பாவின் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு, கான்கிரீட் ஊற்றும் குழாயின் வாயைப் பிடித்தபடி நின்றது அர்கிரிஸ்!

எதிர்வீட்டு பால்கனியிலிருந்து திமித்ரூலா அக்கா கூவினாள்: "மெல்போ! மாப்பிள்ளை இப்பவே பூட்ஸ் போட்டுட்டாரு. இனிமே அவுத்த மாதிரிதான்!"

தொழிலாளிகள் சிரித்தார்கள். அர்கிரிஸும் சிரித்தான். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"நீ இங்க என்ன பண்றே?" என்றாள் மெதுவாக.

"உங்கப்பா கூப்பிட்டாரு. எப்படி மாட்டேன்னு சொல்றது? நீ சொல்லிட்டியா?"

"இல்லை."

"அப்ப நான் என்ன பண்றது?"

குழாய் ஒரு தரம் இருமியது. சாம்பல் நிறக் குழம்பு கம்பி வலையின் மேல் தொப்பென்று விழுந்தது. மெல்போ கண்ணை மூடிக்கொண்டு கத்தினாள்.

"அப்பா, நிறுத்தச் சொல்லுங்க! நாங்க இங்க இருக்கப் போறதில்லை. வோலோஸுக்குப் போறோம்!"

ஸ்தமாத்திஸ் கையை உயர்த்தினார். இரைச்சல் நின்றது. கான்கிரீட் ஊற்ற வந்த மேஸ்திரி அவரைப் பார்த்தான்.

"முதலாளி, சீக்கிரம் சொல்லுங்க. வெயில் ஏறுது. லாரியில இருக்கிறது கல்லாயிடும்."

ஸ்தமாத்திஸ் மகளைப் பார்க்கவில்லை. அர்கிரிஸிடம் கேட்டார், "நெசமா தம்பி?"

அவர் குரலில் கோபம் இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. முதுகில் அடி வாங்கிய மனிதர் கேட்பதுபோல இருந்தது. அர்கிரிஸ் மெல்போவைப் பார்த்தான், சுற்றி நின்ற ஏழு தொழிலாளிகளைப் பார்த்தான், பிறகு கால்களைக் குனிந்து பார்த்தான்.

"சும்மா பேசிட்டிருந்தோம். முடிவு ஒண்ணும் பண்ணலை, அப்பா."

அதுவரை அவன் அவரை 'ஸ்தமாத்திஸ் ஐயா' என்றுதான் அழைத்திருக்கிறான். கிழவரின் கண் கலங்கியது. "பொண்ணு பயந்துட்டா. கல்யாணம்னா பயம் வர்றதுதான்," என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டுக் கையை இறக்கினார். "ஊத்துங்கடா!"

"ஓரமாப் போ மெல்போ, கால் புதைஞ்சிடும்," என்றான் அர்கிரிஸ். அன்பாகத்தான் சொன்னான்.

அவள் ஏணியில் இறங்கினாள். இன்னும் ஜன்னல் வைக்காத, மாடியில் அவளுக்கென்று கட்டிய வரவேற்பறையைக் கடந்தாள். அங்கிருந்து வெளியே போக ஒரே ஒரு படிக்கட்டு. அது நேராக அம்மாவின் கூடத்தில், சோபாவுக்கும் தொலைக்காட்சிக்கும் நடுவே இறங்கியது. வெளிப்புறமாக ஒரு படி வைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை. பெற்ற வீட்டுக்குள் வர மகளுக்கு எதற்குத் தனி வாசல்?

அடுப்பில், கூரை போட்டு முடிந்ததும் வேலையாட்களுக்கும் சேர்த்துப் போட வேண்டிய விருந்துக்கு, ஆட்டிறைச்சி கொதித்துக்கொண்டிருந்தது. அம்மா வாசோ தட்டுகளைத் துடைத்தபடி நிமிர்ந்தாள். மேலே கத்தியது அவள் காதில் விழாமல் இருந்திருக்க முடியாது.

"எத்தனை பேருக்குடி போடணும்?"

மெல்போ தெருவைப் பார்த்தாள். லாரி வாசலை மறைத்து நின்றது.

"பதினொண்ணு," என்றாள். "என்னையும் சேர்த்து."