பத்துக்கு மூன்று

கிளினிக்கில் பி.பி. பார்க்கும் அறை நர்ஸம்மாவுடையது. நோயாளிகள் அவருக்கு வைத்திருந்த பெயர் ‘ஹெட்மிஸ்ட்ரஸ்’. உப்பைக் குறைத்தீர்களா, மாத்திரையை ஏன் விட்டீர்கள் என்று காய்ச்சி எடுத்துவிடுவார். எல்லாரும் தலையை ஆட்டிவிட்டுப் போவார்கள்; அடுத்த மாதம் அதே பி.பி.யோடு வந்து நிற்பார்கள்.

அந்த வருடம் அவரை இரண்டு நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். உபதேசம் செய்யாதே, கேள்வி கேட்டுவிட்டுக் காத்திரு, மாறுவதற்கான காரணம் அவர் வாயிலிருந்தே வரட்டும் என்பதுதான் பாடம். இருபத்தாறு வருடம் ஓயாமல் பேசிய வாய்க்கு அது பெரிய தண்டனை.

திரும்பி வந்த முதல் நாளே டிரைவிங் மாஸ்டர் வந்து சேர்ந்தார். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். நாள் முழுக்கப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் தனி பிரேக்கை மிதித்துக்கொண்டே கத்துவது அவர் பிழைப்பு. கருவி நூற்றெழுபத்தெட்டுக்கு நூற்றிரண்டு காட்டியது. டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையைத் தலை வலித்தால் மட்டும் போடுவாராம்.

“என் பி.பி.க்கு மாத்திரை மருந்தில்ல, சிஸ்டர். கிளட்ச் எது, பிரேக் எதுன்னு தெரிஞ்ச நாலு பேரை அனுப்புங்க. தானா எறங்கிடும்” என்றார்.

நர்ஸம்மாவுக்கு வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கடித்துக்கொண்டார். பி.பி.யைக் குறைப்பது அவருக்கு எவ்வளவு முக்கியம், பத்துக்கு எத்தனை போடுவார் என்று கேட்டார்.

“மூணு போடலாம்.”

பழைய நர்ஸம்மாவாக இருந்தால் ஏன் பத்து இல்லை என்று பிடித்துக்கொண்டிருப்பார். இப்போது மெதுவாக, “ஏன் மூணு? ஒண்ணுன்னு சொல்லியிருக்கலாமே?” என்றார்.

மாஸ்டர் சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை. வெளியே வரிசையில் யாரோ இருமினார்கள். நர்ஸம்மா காத்திருந்தார். அரை நிமிடம்தான், அவருக்கு அரை நாள் மாதிரி இருந்தது.

பிறகு மாஸ்டர் சொன்னார். போன வாரம் மேம்பாலத்தில் கிளாஸ் எடுத்துக்கொண்டிருந்தபோது கண்ணை இருட்டிக்கொண்டு வந்ததாம். எப்படியோ வண்டியை ஓரங்கட்டி, இன்ஜின் சூடாகிவிட்டது என்று பொய் சொல்லி, பானட்டைத் திறந்துவைத்துப் பத்து நிமிடம் நின்றாராம். வீட்டில்கூடச் சொல்லவில்லை.

“ஓட்டிட்டிருந்த பொண்ணுக்கு அன்னிக்கு மூணாவது கிளாஸ். எனக்கு ஏதாவது ஆகியிருந்தா வண்டிய நிறுத்தக்கூட அதுக்குத் தெரியாது. அதான் மூணு.” கொஞ்சம் யோசித்தார். “மூணு இல்ல, எட்டு.”

நர்ஸம்மா அவரைக் கையோடு டாக்டரிடம் அழைத்துப்போனார். பரிசோதித்துவிட்டு டாக்டர், மாத்திரையை ஒருநாள் விடாமல் போடவேண்டும், ஒரு வாரத்துக்கு வண்டிப் பக்கமே போகக்கூடாது என்றார். திரும்பி வந்ததும், எதையெல்லாம் செய்ய முடியும் என்பதை அவரையே சொல்லச் சொன்னார் நர்ஸம்மா. பல் தேய்க்கும் இடத்தில் மாத்திரை டப்பா. கிளாஸுக்கு நடுவே கொறிக்கும் சிப்ஸ் பாக்கெட்டுக்கு முழுக்கு. இந்த இரண்டும் முடியும் என்றார். கத்துவதை மட்டும் விடமுடியாது, அது தொழில்.

அடுத்த மாதம் நூற்றைம்பத்தெட்டு. அதற்கடுத்த மாதம் நூற்று நாற்பத்தாறு. நடுவில் மாமியார் வீட்டுக்குப் போனபோது இரண்டு நாள் மாத்திரை விட்டுப்போனதை அவரே ஒப்புக்கொண்டார். நர்ஸம்மா திட்டவில்லை. அடுத்த தடவை என்ன செய்யலாம் என்று மட்டும் கேட்டார். அன்றிலிருந்து அவர் சட்டைப்பையில் ஒரு மாத்திரை அட்டை இருந்தது.

நான்காம் மாதம் நூற்று முப்பத்துநாலுக்கு எண்பத்துநாலு. கூடவே அவர் மனைவியும் வந்திருந்தார். உனக்குக் கற்றுக்கொடுத்தால் குடும்பம் பிரிந்துவிடும் என்று இருபது வருடமாகத் தட்டிக்கழித்த மனுஷன், இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் தனக்கு ஓட்டச் சொல்லித்தருகிறார் என்றார் அந்தம்மா.

“போன வாரம் கேட் தூணுல இடிச்சுட்டேன். கத்தப்போறாருன்னு காதப் பொத்திக்கிட்டேன். இவரு எறங்கிப் போயி தூணத் தடவிப் பாத்துட்டு, ‘அதுக்கு ஒண்ணும் ஆகல, நீ ரிவர்ஸ் எடு’ன்னாரு. எனக்குப் பயமாயிடுச்சு. உடம்பு கிடம்பு சரியில்லையோன்னுதான் நானும் கூட வந்தேன்.”

நர்ஸம்மா சிரித்த சிரிப்பில் வரிசையில் இருந்தவர்கள் கதவு வழியே எட்டிப் பார்த்தார்கள். மாஸ்டர் சட்டைக்கையை இறக்கிவிட்டுக்கொண்டு, கார் சாவியை எடுத்து மனைவியிடம் நீட்டினார்.