மேட்டிலிருந்து வருகிறவர்கள்

"மேட்டுக்கே போறேம்மா, முடிவு பண்ணிட்டேன்" என்று மகள் சொன்னபோது, நர்ஸம்மாவின் கையிலிருந்த தட்டு நழுவப் பார்த்தது.

ஊரில் இரண்டு பல்கலைக்கழகங்கள். ஒன்று ஆற்றங்கரையில், மற்றது மேட்டில். இரண்டுக்கும் ஏழாம் பொருத்தம். அவர்களுக்குள் பந்தாட்டம் என்றால் கடைக்காரர்கள் முன்கூட்டியே ஷட்டரை இறக்கிவிடுவார்கள். மகளுக்கு இரண்டிலும் இடம் கிடைத்திருந்தது. மாலைக்குள் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மற்றது கைவிட்டுப் போய்விடும். எதில் சேர்ந்தாலும் ஒரே பஸ்தானே என்று சொல்லிவிட்டு அப்பாக்காரர் வேலைக்குப் போயிருந்தார். அந்த மனிதருக்கு எதுவுமே பெரிய விஷயமில்லை.

"ஆத்தங்கரை வேணாம்மா. எப்பப் பாரு மண்டை உடைஞ்சு வருவாங்கன்னு நீதானே சொல்லுவே."

சொன்னது உண்மைதான். பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் வேலை பார்க்கிறவள் வீட்டுக்கு வேறு என்ன கதையைக் கொண்டுவருவாள்? ஆற்றங்கரைப் பையன்கள் உடைந்த மூக்கோடு வந்து உட்கார்ந்து, மேட்டுக்காரனை ஒரு கை பார்க்காமல் விடமாட்டேன் என்று சூளுரைப்பார்கள். தையல் ஊசியைக் கண்டதும் அதே வீரன் அம்மாவைக் கூப்பிடுவான். அவள் அதை நடித்துக் காட்டுவாள். மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள். மறுநாளே எழுந்து நடந்து போகிறவர்களைப் பற்றித்தானே சிரிக்க முடியும்.

மேட்டிலிருந்து வருகிறவர்களைப் பற்றி அவள் வீட்டில் வாய் திறந்ததே இல்லை. அவர்கள் அடிபட்டு வருவது அபூர்வம். பரீட்சை முடிவு வெளியாகும் சமயத்தில், எதையாவது விழுங்கிவிட்டுக் கிடந்த பிள்ளையை யாராவது தூக்கிக்கொண்டு ஓடிவருவார்கள். உடம்பில் ஒரு கீறல் இருக்காது. எல்லாம் முதலிடத்திலேயே இருந்து பழகிய பிள்ளைகள். சிலர் பிழைத்தார்கள். வயிற்று வலி என்றே எழுதிவிடுங்கள் என்று பெற்றவர்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுவார்கள். அந்த நாட்களில் வீட்டுக்கு வந்ததும் தலைவலி என்று சொல்லிப் படுத்துக்கொள்வாள்.

மகளும் அந்த ரகம்தான். ஒரு மார்க் குறைந்தால் அழமாட்டாள், கோபப்படவும் மாட்டாள். சாப்பிட்டு, பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டு, சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவாள். வாய்விட்டு அழுதுவிடேன் என்று நர்ஸம்மா அவளிடம் கெஞ்சியிருக்கிறாள். சிரிப்பு மூட்டச் சொன்ன கதைகள் பெற்ற பிள்ளையை எங்கே கொண்டுபோய் விடுகின்றன! எல்லாவற்றையும் இப்போதே சொல்லிவிடலாம். ஆனால், இல்லாத நினைப்பைத் தானே அவள் மண்டைக்குள் போட்டதாகிவிட்டால்? அந்தப் பயம் இந்தப் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது.

"மேட்டுலேர்ந்தும் வருவாங்கடி" என்றாள் கடைசியில்.

"அடிதடியா?"

"இல்ல." கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். "வயித்து வலி."

மகள் சிரித்துவிட்டாள். "கேன்டீன் சாப்பாடு மட்டம்னு சொல்லு. நான் வீட்டுலேர்ந்தே கட்டிட்டுப் போறேன்."

சொல்லிக்கொண்டே கைப்பேசியில் தட்டி மேட்டு இடத்தை ஒப்புக்கொண்டாள். அவ்வளவுதான், காரியம் முடிந்துவிட்டது. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு குளிக்கப் போனாள்.

தண்ணீர் விழும் சத்தத்தோடு அவள் பாடுவதும் கேட்டது. நர்ஸம்மா அலமாரியைக் குடைந்து ஒரு திருப்புளியை எடுத்துக்கொண்டு மகளின் அறைக்குள் போனாள். கதவை உடைப்பதற்குள் நேரமாகிவிட்டது என்றுதான் தூக்கிவருகிறவர்கள் எப்போதும் சொல்வார்கள். உள்தாழ்ப்பாளின் திருகுகள் இறுகிக் கிடந்தன. எத்தனையோ பேருக்கு நரம்பு பார்த்து ஊசி ஏற்றிய கை, திருகின் தலையில் நிற்காமல் வழுக்கியது.

ஈரத் தலையோடு மகள் வந்து நின்றாள்.

"என்னம்மா பண்றே?"

"துருப்பிடிச்சிடுச்சு. வேற போடணும்."

மகள் தாழ்ப்பாளைப் பார்த்தாள். அது பளபளவென்றுதான் இருந்தது. பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அருகில் வந்து, கதவு ஆடாமல் இருப்பதற்காக இரண்டு கைகளாலும் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.