பாதிக்கு மேல் நின்ற முள்

ஆக்ஸிஜன் சிலிண்டரின் திருகை முழுசாகத் திறந்துவிட்ட பிறகுதான் அவள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். தண்ணீர்க் குப்பியில் குமிழிகள் மறுபடி கிளம்பின. குழாய் மெல்லச் சீறியது. முகமூடிக்குள் எதுவும் நடக்கவில்லை.

"அம்மா."

தோளைப் பிடித்து உலுக்கினாள். உள்ளங்காலைத் தேய்த்தாள். கால் ஜில்லென்று இருந்தது. அந்தக் குளிர் இப்போது வந்ததல்ல என்று அவள் கைக்கு உடனே தெரிந்துவிட்டது. அவளுக்குத் தெரிய இன்னும் கொஞ்சம் நேரம் ஆயிற்று.

அவளை எழுப்பியது நிசப்தம்தான். இத்தனை நாளாக அந்தக் குமிழிச் சத்தத்தோடுதான் பக்கத்து அறையில் தூங்கினாள். மழை நின்றுவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு கண் விழித்தாள். வெயில் ஜன்னல் வரை ஏறியிருந்தது. அப்பாவின் நாற்காலி காலியாக இருந்தது.

விடியும்போது அவர் கதவருகே நின்று சொன்னது நினைவுக்கு வந்தது. "காஸ் லாரி மேலே வருதாம். போய்ப் பிடிச்சுட்டு வந்துடறேன். இதுல பாதிக்கு மேல இருக்கு, மத்தியானம் வரைக்கும் ஓடும். நீ எழுந்து அம்மா பக்கத்துல உட்காரும்மா." அவள் "ம்" என்றாள். சொல்லிவிட்டு மறுபடி தூங்கிப்போனாள்.

அவர் திருகை மூடிவிட்டுப் போயிருந்தார்.

அதை நினைத்துப் பார்க்க அவளுக்குச் சிரமமே இல்லை. அப்பா வெல்டர். யார் கூப்பிட்டாலும், தலை போகிற அவசரமானாலும், சிலிண்டரை விட்டு எழுந்தால் வலது கை தானாகப் போய்த் திருகை மூடும். பட்டறையில் கூட வேலை பார்த்த ஒருவர் ஒருநாள் மூடாமல் டீ குடிக்கப் போய், திரும்பி வந்து நெருப்புக்குச்சியைக் கிழித்தாராம். அதற்குப் பிறகு அப்பாவின் கை அப்பாவைக் கேட்பதில்லை. சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் மூடுவார், தும்மல் வந்தாலும் மூடுவார் என்று அம்மா கேலி செய்வாள். சிலிண்டருக்கு அம்மா வைத்த பேர் சக்களத்தி. "மூத்தாளைப் படுக்க வெச்சுட்டுத்தான் மனுஷன் என்கிட்ட வருவார்."

முகமூடி மாட்டிய அன்றைக்கும் விடவில்லை. "கடைசியில சக்களத்தி தயவுலதான் மூச்சு விடணும்னு என் தலையில எழுதியிருக்கு, பாரு."

அம்மா கல் அரவை ஆலையில் கல்பொடி சலிக்கிறவள். இந்த மேட்டில் பாதிப் பேர் அதே வேலைதான். நெஞ்சில் தூசி படியாதவர்கள் கைக்குழந்தைகள் மட்டும். இந்தத் தொற்று நோய் வருவதற்கு முன்பே இரண்டு படி ஏறினால் மூச்சு வாங்க நிற்பார்கள், பேச்சின் நடுவில் நிற்பார்கள். இது ஊரின் பேச்சு வழக்கு என்று வெளியாள் நினைத்துக்கொள்ளலாம். நோய்க்கு இங்கே அதிக வேலை இருக்கவில்லை. சுகாதார நிலையத்து டாக்டர் கீழே போனவர் திரும்பவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் கட்டில் இல்லை என்றார்கள், பிறகு போனையே எடுக்கவில்லை. மிஞ்சியது ஒரே ஒரு நர்ஸம்மாவும் அப்பாவின் பட்டறையில் இருந்த சிலிண்டர்களும்தான். அவை வீடு வீடாகப் போய், ஒவ்வொன்றாகக் காலியாகி வந்தன. இதுதான் கடைசி.

அவள் தரையில் உட்கார்ந்தாள். குமிழிகள் வந்துகொண்டே இருந்தன. இதை இப்போதே மூட வேண்டும். ஓடுகிற ஒவ்வொரு குமிழியும் பின்தெருவில் மூச்சுக்குத் திணறும் லாரிக்காரர் மனைவிக்குப் போக வேண்டியது. இருந்தும் அவள் மூடவில்லை. நர்ஸம்மா வந்து பார்க்கும்போது இது ஓடிக்கொண்டிருக்க வேண்டும். பார்த்தேன், ஓடிக்கொண்டுதான் இருந்தது என்று வேறொரு வாய் அப்பாவிடம் சொல்ல வேண்டும். அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. பசித்தது. அது அவளுக்கு வெட்கமாக இருந்தது.

நர்ஸம்மா வந்தபோது வாசலிலேயே செருப்பைக் கழற்றியபடி, "என்ன, அக்கா இன்னைக்குச் சண்டைக்கு வரலையா?" என்றாள். பிறகு உள்ளே பார்த்தாள். பையைக் கீழே வைத்தாள். மணிக்கட்டைப் பிடித்தாள், கழுத்தில் விரல் வைத்தாள், கண்ணிமையைத் தூக்கினாள். எல்லாவற்றையும் மெதுவாகச் செய்தாள், அவசரமில்லாத வேலை ஒன்று கிடைத்துவிட்டது போல.

"தூக்கத்துலயே போயிருக்காங்க." குப்பியைப் பார்த்தாள். "கடைசி வரைக்கும் ஓடிட்டுத்தான் இருந்துச்சா?"

"ஓடிட்டுத்தான் இருந்துச்சு."

"அப்புறம் என்ன செய்ய முடியும். காத்து போயும் நெஞ்சு வாங்கலையே." கையை நீட்டித் திருகை மூடினாள். குமிழி நின்றது. "அப்பாகிட்ட நான் சொல்லவா?"

"சொல்லுங்க. ஓடிட்டிருந்துச்சுன்னும் சொல்லுங்க."

நர்ஸம்மா அவளை ஒரு கணம் பார்த்தாள். எத்தனையோ வீடுகளில் இதை எத்தனையோ விதமாகக் கேட்டிருப்பாள். "சொல்றேன்," என்றாள். முகமூடியைக் கழற்றி, பஞ்சுத் துணியால் அம்மாவின் தாடையைக் கட்டினாள். நகராட்சி வேனுக்குப் போன் செய்தாள். சாயங்காலத்துக்குள் வரும், வீட்டு ஆட்கள் யாரும் ஏறக்கூடாது என்றாள்.

வேறு ஊரிலிருந்து தம்பி கூப்பிட்டான். அங்கே வழிகளையெல்லாம் அடைத்திருந்தார்கள். அவன் அழுகிற சத்தத்தை அவள் காதில் வைத்துக்கொண்டிருந்தாள். கடைசியில், "அப்பா பக்கத்துல இருந்தாரா?" என்று கேட்டான்.

"இருந்தாரு."

"நீ?"

"நானும்தான்."

அப்பா வெறுங்கையோடு வந்தார். லாரி மேடு ஏறவில்லை, சுமையைக் கீழேயே இறக்கிவிட்டுத் திரும்பிவிட்டது. அதை வாசலில் நின்றபடி சொல்லத் தொடங்கியவர், நர்ஸம்மாவைப் பார்த்ததும் பாதியில் நிறுத்தினார். அவள் சொல்ல வேண்டியதைச் சொன்னாள். ஓடிக்கொண்டிருந்தது என்றும் சொன்னாள். அப்பா தலையை ஆட்டினார். உள்ளே போய் அம்மாவின் கால்மாட்டில் உட்கார்ந்து, போர்வையின் ஓரத்தை இழுத்துவிட்டார். இழுத்துவிட்டதையே திரும்பத் திரும்ப இழுத்துவிட்டார்.

நர்ஸம்மா போனாள். கொஞ்ச நேரத்தில் வேலிப் பக்கம் பின்தெரு லாரிக்காரர் வந்து நின்றார். துண்டை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். "அண்ணி..." என்றார். அவர் பார்வை ஒருமுறை அறைக்குள் சிலிண்டர் வரை போய்த் திரும்பியது. அதற்காக அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அப்பா நிமிர்ந்தார். "கேட்க வந்ததைக் கேளேன். எதுக்கு முழிக்கிறே?"

"இந்த நேரத்துல எப்படிண்ணே கேட்பேன்? அவளுக்கு நகமெல்லாம் நீலமா வருது."

"இரு, எடுத்துட்டு வர்றோம்."

அப்பா எழுந்து சிலிண்டரிடம் போனார். கொடுப்பதற்கு முன் எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பதும் அந்தக் கைகளின் வழக்கம்தான். குழாயைக் கழற்றிவிட்டுத் திருகைக் கால் சுற்றுத் திறந்தார். அளவு காட்டும் கண்ணாடிக்குள் முள் துள்ளி எழுந்தது. பாதிக்கு மேலே போய் நின்றது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வெல்டர் வீட்டில் பிறந்து வளர்ந்தவள், முள்ளை மறந்துபோனாள்.

அப்பா விரல் மடக்கிக் கண்ணாடியை ஒரு தட்டுத் தட்டினார். சில சமயம் முள் சிக்கிக்கொள்ளும், தட்டினால் இறங்கும். இறங்கவில்லை. இன்னொரு தரம் தட்டினார். மத்தியானம் ஆகிவிட்டது. காலையிலிருந்து ஓடியிருந்தால் முள் சிவப்புக்கோட்டில் கிடக்க வேண்டும். அவர் முதுகைப் பார்த்தபடி அவள் நின்றாள். ஏதாவது சொல்ல வேண்டும். நான்தான் அழுத்தத்தைக் குறைத்து வைத்தேன் என்று சொல்லலாம். புதிதாக ஒரு பொய் சொன்னால் அவர் திரும்பிப் பார்ப்பார். அவர் திரும்பக்கூடாது என்று மட்டும் இருந்தது.

"ஓடிட்டுத்தான் இருந்துச்சுப்பா," என்றாள்.

"ம்," என்றார்.

திருகை மூடினார். மூடிய கையைப் பார்த்தார். பிறகு, "அந்தப் பக்கம் பிடிம்மா, கனமா இருக்கும்," என்றார்.

இருவரும் பின்தெரு வரை சிலிண்டரை உருட்டிக்கொண்டு போனார்கள். வேலிகளுக்குப் பின்னால் முகங்கள் தெரிந்தன. யாரும் கிட்டே வரவில்லை. ஒருத்தி மட்டும், "ஐயோ, நேத்துகூட என்னைத் திட்டினாளே," என்று சத்தமாகச் சொன்னாள். அவள் பக்கம் திரும்பி அப்பா தலையசைத்தார், அது சரிதான் என்பது போல.

லாரிக்காரர் மனைவி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். படுத்தால் மூச்சு முட்டுகிறது. இவர்களைப் பார்த்ததும் கையைத் தூக்கினாள். கும்பிடவா, வேண்டாம் என்று சொல்லவா என்று தெரியவில்லை. கை பாதியில் விழுந்தது. அப்பா சிலிண்டரை ஜன்னலோரம் நிறுத்தி, ஆடாமல் கயிற்றால் கட்டினார். குப்பியில் புதுத் தண்ணீர் ஊற்றினார். குழாயை மாட்டி, இணைப்பில் சோப்பு நுரையைத் தடவினார். முகமூடியின் நாடாவை அந்த அம்மாவின் காதுக்குப் பின்னால் இறுக்காமல் போட்டார். எல்லாம் முடிந்ததும் இரண்டடி பின்னால் வந்தார்.

"நீ திறம்மா."

"நீங்களே திறங்கப்பா."

"நீ திற."

அவள் திறந்தாள். குமிழி வந்தது. குனிந்து நுரையைப் பார்த்தாள், கசிவு இல்லை. லாரிக்காரர் எதற்கும் இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நான் தண்ணி பிடிக்க, அதுஇதுன்னு வெளியே போனா, இதை மூடிட்டுப் போகணுமா?"

அப்பா கட்டிய கயிற்றை இன்னொரு முறை இழுத்துப் பார்த்தார். அவருக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்து லாரிக்காரர் மறுபடி கேட்டார்.

"மூடக் கூடாது மாமா," என்றாள் அவள். "யாராவது ஒருத்தர் கூடவே உட்காரணும். உட்கார்ந்தா தூங்கக் கூடாது."

"நீ கொஞ்ச நேரம் இருக்கியாம்மா? வேன் வர்ற வரைக்கும்?"

"இருக்கேன்."

அவள் சிலிண்டருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். முகமூடியின் உட்புறத்தில் ஆவி படிந்தது, மறைந்தது, மறுபடி படிந்தது. ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். வாசலில் கிடந்த பழைய லாரி டயர்மீது அப்பா உட்கார்ந்திருந்தார். இரண்டு கைகளையும் முழங்கால்மேல் விரித்து வைத்திருந்தார், யாரோ தங்கள் கைகளைப் பார்த்துக்கொள்ளும்படி அவரிடம் விட்டுப் போனது போல. விரல்களில் சோப்பு நுரை வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. அவர் அதைத் துடைக்கவில்லை.